மதிலோரத் தும்பை

இன்று காலை கீழிருந்து ஏறி வந்து புடவையை மாற்றும்போது, கரையில் காய்ந்த தும்பை உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து உள்ளங்கையில் தட்டினேன். பழுப்பு நிறத்தில் நான்கைந்து விதைகள். உன்னிடம் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கல்லூரியில் ஒரே வகுப்பு, பிறகு திருவொற்றியூரில் ஒரே குடியிருப்பு. நீ தரைத்தளம், நான் இரண்டாம் மாடி. மதிலோரம் சிமெண்டு பெயர்ந்த இடத்தில் நீ தும்பை விதைத்தபோது, "எண்ணூர்ப் புகைக்கும் லாரித் தூசிக்கும் நடுவுல இதனால என்ன ஆகப்போகுது?" என்று கேட்டேன்.

"புகை ஒண்ணும் கொறையாது மே. இந்தப் பக்கம் வர்ற தேனீக்கு ஒரு டீக்கடை வாணாமா?" என்றாய்.

முதல் வருடம் அந்த டீக்கடை நொடித்துப்போனது. காசிமேட்டில் பிறந்த உனக்கு, மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் இருக்க முடியாது. தினமும் ஊற்றினாய். தும்பை இலை இலையாகக் கொழுத்துச் சாய்ந்தது, பூ பேருக்குத்தான். மிச்சத்தை வாசனை பிடித்து வந்த தெருப்பூனைகள் தோண்டித் தள்ளின. "எல்லாத்தையும் கலீஜாக்கிட்டேன்ல?" என்று நீ சிரித்த சிரிப்பில் மாடி ஜன்னல்கள் திறந்தன.

அடுத்த வருடம் முதல் மழைக்குப் பின் விதையை மண்மேல் தூவியதோடு சரி. மூடவில்லை, எதையும் ஊற்றவில்லை; மீன் கழுவிய தண்ணீர் உன் வாசலில் பூனைகளுக்குப் போனது. மழை நின்று மண் இறுகிய பின்னும் செடி பூத்துக்கொண்டே இருந்தது. வெள்ளைப் பூவுக்குள் தலையை நுழைக்கும் தேனீயின் முதுகில் மகரந்தம் அப்பிக்கொள்வதைக் குனிந்து காட்டினாய். நான் நம்பாமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

தும்பைக்கு ஒரே பருவம்தான். விதை உதிரும் முன் பிடுங்கினால் அடுத்த வருடம் இல்லை. அது காயும் சமயத்தில்தான் போகிக்காக எல்லோரும் சுத்தம் செய்யக் கிளம்புவார்கள். ஒவ்வொரு வருடமும் குடியிருப்புச் சங்கத் தலைவரை நீ மடக்கி நிறுத்துவாய். நான் மாடியிலிருந்து வேடிக்கை பார்ப்பேன்.

புரட்டாசியில் நீ போனாய். ஐப்பசி மழையில் தும்பை முளைத்தது. நீதான் வந்தாய் என்று எழுத எனக்கு வராது. போன தையில் விழுந்த விதை, ஈரம் கண்டதும் முளைத்தது, அவ்வளவுதான். ஆனாலும் தினமும் போய்ப் பார்த்தேன்.

இன்று தலைவர் மண்வெட்டியோடு ஓர் ஆளை அழைத்து வந்து நின்றார். இறங்கிப் போனேன்.

"எல்லாம் காஞ்சிப்போச்சு மேடம். குப்ப மாரி கீது. நாளிக்கு போகி."

படியிறங்கும்போதே காரணங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். வாயில் வந்ததோ உன் பேச்சு. "பொங்கல் போவட்டும் தலீவரே. வெத வுழட்டும்."

அவர் மண்வெட்டி ஆளைக் கையமர்த்தினார். "அந்தம்மா இருந்தா அவங்களே அள்ளிப் போட்ருவாங்கோ. இப்ப யாரு அள்றது?"

"நான்தான்."

"அப்பால பேச்சு மாறக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஆளோடு போய்விட்டார்.

புடவையில் வந்த விதைகளைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். பொங்கல் கழிந்ததும் ஒவ்வொரு செடியாகத் தலைகீழாகப் பிடித்து, அந்த மண்ணிலேயே தட்டிவிட்டுத்தான் அள்ளுவேன், நீ செய்தது போல. மீன் கழுவிய தண்ணீரை மட்டும் ஊற்றமாட்டேன். அது தெரியாமல் பூனைகள் இன்னும் உன் வாசலில்தான் உட்கார்ந்திருக்கின்றன.