என் அளவுக்குக் கட்டிய வண்டி

பிப்ரவரி 3

நாமக்கல்லில் பணம் கொடுக்கிற எவனும் வண்டிக்காகக் கொடுப்பதில்லை. தன் மூஞ்சிக்காகக் கொடுக்கிறான்.

இன்று நானும் வளவனும் பணம் கேட்டு மூன்று இடம் ஏறி இறங்கினோம். வளவன் கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்சில் தூங்கியவன். இப்போது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எனக்குப் பக்கத்தில் நின்று வெல்டிங் வைக்கிறான். நேர்கோட்டில் மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி, திருப்பம் கிடையாது, பக்கத்தில் போட்டியாளன் கிடையாது, வண்டியும் கடிகாரமும் மட்டும், ஜூனில் கர்நாடகத்தில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் — எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கினேன். மூன்றாவது இடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, இதுல எத்தன முட்டை ஏத்தலாமுங்க?"

ஒன்றும் ஏற்ற முடியாது என்றேன். அப்புறம் எதற்கு என்றார். இருந்தும் டயர் வாங்கித் தருகிறாராம். வண்டியின் பின்பக்கம் அவர் போட்டோ கைகூப்பியபடி வர வேண்டும். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

பிப்ரவரி 11

திருச்செங்கோடு. கந்தவேலைப் பார்த்தோம். அவருடைய ரிக் வண்டிகள் நாலு மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. அவர் மகன் கௌசிக் சங்ககிரி பைபாஸில் இடித்து நொறுக்கிய வெளிநாட்டு பைக் ஒன்று ரிக் கிடங்குக்குப் பின்னால் தார்ப்பாயின்கீழ் கிடக்கிறது. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. அதுதான் எங்களுக்கு வேண்டும்.

என் பெயரைக் கேட்கவில்லை. படிப்பைக் கேட்கவில்லை.

"யாரூட்டுப் புள்ளைங்க நீங்க?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். "பள்ளிபாளையத்துல தறி ஓட்டற செல்லியம்மா ஊட்டுப் புள்ளைங்க" என்றேன். அவர் தேடியது அதில் கிடைக்கவில்லை. வளவனைப் பார்த்தார். வளவன் கூரையைப் பார்த்தான். டீ வந்தது, அவருக்கு எவர்சில்வர் டம்ளரில், எங்களுக்குக் காகிதக் கப்பில். விருந்தாளிக்குக் காகிதக் கப்தான் சுத்தம் என்று வெளியே வந்து வளவன் சொன்னான். எதற்கும் ஒரு சாக்கு வைத்திருப்பான்.

எஞ்சினைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தூக்கி எறிந்துவிட்டு வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். எதைத் தூக்கி எறிவது? அது எழுபது கிலோ.

பிப்ரவரி 24

எஞ்சின் உறுமியது. பட்டறை நாய் இன்னும் திரும்பி வரவில்லை.

மார்ச் 9

பட்டறைத் தரையில் மல்லாந்து படுத்தேன். வளவன் என்னைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டான். வண்டி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று வழிவிடும். அதனால் படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். தோளுக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் இடம். பட்டறை முதலாளி மாதையன், எங்களுக்கு ஒரு மூலையையும் மிச்ச இரும்பையும் தந்தவர், வந்து எட்டிப் பார்த்தார். "ஏஞ்சாமி, போலீசு பொணத்தச் சுத்திக் கோடு போட்டாப்புடி இருக்குது" என்றவர் சூடம் கொளுத்தப் போய்விட்டார்.

இன்னும் கொஞ்சம் தாராளமாக வைக்கலாமே என்றான் வளவன். வேண்டாம் என்றேன். காற்றுக்காக மட்டுமா சொன்னேன்? இல்லை. கொடுக்கிறவர்கள் கடைசியில் எதைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் உயரத்தில் குறைவு, அகலத்திலும் குறைவு. முதல் தடவையாக அது உதவட்டும்.

மார்ச் 17

நேற்று நான் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாதையன் வண்டியின் அடியில் முழு நீளத்துக்கும் லாரிச் சேனல் என்கிற கனத்த இரும்புச் சட்டத்தை வைத்து வெல்டு அடித்திருக்கிறார். இந்த ஊரில் அன்பு இரும்பாகத்தான் வரும்.

"என்ற பட்டறைல கட்டுன வண்டி எதுவும் நடுவுல ஒடிஞ்சதில்ல. பத்து டன்னு ஏத்துனாலும் தாங்கோணும்."

"ஏறப் போறது நான் ஒருத்திதானுங்ண்ணா."

"நாளைக்கு நீ குண்டாயிட்டா?"

அறுத்து எடுத்தோம். குழந்தைக்கு ஊசி போடும்போது பார்க்க மாட்டாத தகப்பனைப் போல அவர் சுவரைப் பார்த்து நின்றார்.

ஏப்ரல் 2

ஓட்டப் போவது கௌசிக்காம்.

கந்தவேல் பட்டறைக்கே வந்து சொன்னார். குரல் உயரவில்லை. "எஞ்சின் என்ற பையனுது. வண்டியத் தூக்கிட்டுப் போற டிரெய்லரும் நம்முளுது. அப்பறம் பையந்தானுங்க ஓட்டோணும்? அம்மணி நின்னு கொடி காட்டட்டும்."

கொடி. நான் எதுக்குக் கொடி காட்டோணும்? புது பஸ்ஸு உடற விழாவா இது? தரைல படுத்து அளந்தது நான். ஒவ்வொரு குழாயும் வளைச்சது நானும் வளவனும். அவன் ஒடச்சான், நாங்க ஓட வெச்சோம். ஒடச்சவனுக்கே வண்டியா? கேக்க ஆளில்லீன்னுதானே — யாரூட்டுப் புள்ளைன்னு அன்னிக்கே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு —

போதும். தூங்கு இலக்கியா.

ஏப்ரல் 3

எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். "குடுத்துட்டு?" என்றான் வளவன். எஞ்சின் இல்லாவிட்டால் வண்டி ஒரு நீளமான பீரோ. கொடுக்கவில்லை. பந்தய விண்ணப்பத்தில் மாற்று ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயரைப் பதிந்துகொள்ளக் கந்தவேல் தலையாட்டினார். தேவைப்படாது என்ற தைரியம்.

ஏப்ரல் 6

கௌசிக் ஏறிப் பார்த்தான். தோளோடு நின்றுவிட்டான். பாட்டில் கழுத்தில் மாட்டிய கத்தரிக்காய்.

அகலப்படுத்தச் சொன்னார் கந்தவேல். அகலப்படுத்துவதென்றால் புதிதாகத்தான் கட்ட வேண்டும், ஜூனுக்கு முடியாது என்றேன். அது உண்மையும்கூட. அவர் வண்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"அப்ப நீ சுருங்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்லவேளை, கௌசிக்குக்கும் முடியவில்லை.

ஏப்ரல் 27

நிஜமாகவே சுருங்குகிறான். வெள்ளரிக்காயும் மோரும்தான் சாப்பாடு. தினமும் பட்டறைக்கு வந்து அரம் போடுகிறான், அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சங்ககிரிக்குப் போவதென்றால் அந்த பைபாஸைத் தவிர்த்து இன்னும் ஊருக்குள் சுற்றித்தான் போகிறானாம். இதை அப்பாவிடம் சொன்னாயா என்றேன். அரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டான்.

மே 11

நாமகிரிப்பேட்டைப் பக்கம் இன்னும் திறக்காத புதுச் சாலை. ஒப்பந்தக்காரர் கந்தவேலுக்கு வேண்டியவர். காலையில் சோதனை ஓட்டம்.

முந்தின நாளே ஃபிளெக்ஸ் கடை ஆட்கள் வந்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கவாட்டில் கந்தவேலின் முகம், மேலிருந்து கீழ்வரை. காதுகுத்து பேனரில் சிரிப்பாரே, அதே சிரிப்பு. பின்னால் முட்டைக்காரர் கைகூப்புகிறார்.

நாங்கள் அழுத்தித் திணித்துவிட்டதும் கௌசிக் கிளம்பினான். பாதி தூரம் போவதற்குள் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. ஓடிப் போய் அவனை இழுத்து வெளியே எடுத்தோம். அடி எதுவுமில்லை, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சாலையோரம் போய் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் சுற்றைப் பார்த்தோம், பம்பைப் பார்த்தோம். எல்லாம் சரி. கடைசியில் மாதையன்தான் கேட்டார்: "இங்க ஒரு ஓட்டை உட்டிருந்தமே, எங்க சாமி?"

எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழி. ஸ்டிக்கர் ஒட்டியவர்கள், கட்டி முடிக்காமல் விட்ட ஓட்டை போல என்று எங்கள்மேல் பரிதாபப்பட்டுச் சேர்த்து மூடியிருக்கிறார்கள். சரியாகக் கந்தவேலின் வாய் இருக்கிற இடம்.

மே 12

வாயை வெட்டினோம். பிளேடு பிடித்தது கௌசிக். "ரொம்ப நாளு ஆச" என்றான்.

இப்போது கந்தவேல் கத்துகிற மாதிரி இருக்கிறார். எஞ்சின் குளிர்ந்து ஓடுகிறது. அவர் சாயங்காலம் வந்து வண்டியைச் சுற்றி வந்தார். எல்லோரும் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டோம். வாய் இருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்துச் சொன்னார்:

"பல்ல மட்டுமாச்சும் உட்டிருக்கலாமுங்க."

ஜூன் 7

ஓடுதளம் வந்து சேர்ந்தோம். ஒரே வெயில், காற்று இல்லை. நல்லது.

ஓடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பெல்ட் மாட்டி, ஹெல்மெட் போட்டு, மூடி சாத்திய பிறகு, யாருடைய உதவியும் இல்லாமல் ஓட்டுநர் தானே வெளியே வர வேண்டும். அதிகாரி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நேரம் தாண்டினால் ஓட்ட முடியாது.

கௌசிக் உள்ளே போய்விட்டான், அவ்வளவு இளைத்திருக்கிறான். வெளியேதான் வர முடியவில்லை. இடது தோள் குழாயில் சிக்கிக்கொண்டது. இரண்டாவது தடவையும் அதே தோள். கந்தவேல் அதிகாரியிடம் போனார். தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் சொன்னார். பையனுக்குக் கொஞ்சம் நேரம் சேர்த்துக் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வண்டிக்குள்ளிருந்து கௌசிக் தலையை மட்டும் தூக்கினான்.

"ஏம்ப்பா, தீப்புடிச்சா தீகிட்டயும் டைம் கேப்பீங்களா?"

கந்தவேல் டிரெய்லர் நிழலுக்குப் போய் உட்கார்ந்தார். எனக்கு அந்த நிமிடம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இதை எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் இருந்தது.

கௌசிக்கை இழுத்து எடுத்தோம். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தான். நான் படுத்தேன், மூடினார்கள், வெளியே வந்தேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான். என் உடம்பு, என் அளவு.

ஜூன் 8

இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

முன்னூறு இல்லை. இருந்தாலும் எங்கள் பிரிவில் முதலிடம். உள்ளே என்ன நடந்தது என்று எழுத உட்கார்ந்தால் எதுவும் வரவில்லை. முதலில் எல்லாம் உதறியது. பிறகு உதறல் நின்று ஓடுதளத்தின் வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. பயப்பட மறந்துவிட்டேன். வேகத்தைக் குறைக்கும் பாராசூட் பின்னால் விரிந்தபோது யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி. மூடியைத் திறந்ததும் சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன். வளவன் சொல்லித்தான் தெரியும். அவன் அழுதானாம். அதை அவன் சொல்லவில்லை, கௌசிக் சொன்னான்.

மாதையன் ஓடி வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"ஆட்டம் இருந்துச்சா?"

"கொஞ்சமுங்ண்ணா."

"சேனலு இருந்திருந்தா ஆடியிருக்காது."

ஜூன் 9

அம்மாவுக்குப் போன் போட்டேன். தறிச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் என்று கத்தினேன்.

ஜூன் 16

காலையிலேயே கௌசிக் கூப்பிட்டான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் சொல்லிப் பாத்துட்டேன்." போனை வைத்துவிட்டான்.

அம்மாவுக்கு இன்று வார விடுமுறை. அவளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கென்று திருச்செங்கோடு போனேன், வழியெல்லாம் பந்தயக் கதையைச் சொல்லிக்கொண்டே. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ். வண்டி ஓடுகிற படம், அழகாகத்தான் எடுத்திருக்கிறார்கள். மூடிக்குள் ஹெல்மெட் போட்ட தலை. மேலே கந்தவேல், இந்த முறை பற்களோடு. கீழே கொட்டை எழுத்தில்: வேகப் புயல் கௌசிக்.

அம்மா கழுத்தை வளைத்து மேலே பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு அந்த ஹெல்மெட்டைச் சுட்டினாள்.

"இது எம்புள்ள. அதுக்குக் கீழ யாரு பேரு போட்டிருக்குது?"

பேருந்து நிலையம் என்று பார்க்காமல் சத்தமாகத்தான் கேட்டாள். பூக்காரம்மா, ஆட்டோக்காரர்கள் எல்லாரும் திரும்பி முதலில் ஃபிளெக்ஸைப் பார்த்தார்கள், பிறகு என்னை. ஒரு ஆட்டோக்காரர், "ஏனுங், அது நீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். உடனே அம்மாவுக்கு டீ சொன்னார்.

அங்கேயே நின்று கந்தவேலைக் கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் எங்கோ ரிக் ஓடுகிற சத்தம்.

"அந்த ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறது நானுங்க. என்ற பேரு இலக்கியா. நாளைக்குள்ள மாத்திப் போடுங்க."

ரிக் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"கேக்குதுங்களா? என்ற பேரப் போடுங்க."