வண்டிக்கு வைத்த கெடு

ஜூன் 4, செவ்வாய்

சோதனைத் தேதி வந்துவிட்டது. ஆகஸ்ட் 6, காலை எட்டரை. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். லீக் ஊர்ச் சந்தையில் முதன்முதலாக டைல் தட்டுக்கடை போட அனுமதி வந்த அன்றுகூட இப்படிப் படித்ததில்லை.

இரண்டரை வருஷமாக வீட்டு ஷெட்டில் என் கையாலேயே ஒரு வண்டியைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். இரும்புக் குழாய்ச் சட்டம், பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சின், இரண்டு இருக்கை. கூரை கிடையாது, கதவும் கிடையாது. அரசாங்கத்து ஆள் பார்த்துச் சரி என்றால்தான் பதிவு எண் கிடைக்கும். எண் இல்லாமல் சாலையில் இறக்க முடியாது.

சாப்பிடும்போது மனைவி டெனிஸிடம் சொன்னேன். "ஆறாம் தேதி வெளிய வரப்போறது வண்டியா, நீயா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பாதிச் சிரிப்பு.

ஜூன் 8, சனி

மாமனார் ஹெட்லி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. வயது எண்பத்து மூன்று. நாளை ஆபரேஷன். வண்டியைத் தொடவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவர் நர்ஸ்களோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர், சக்கர நாற்காலியை ஒரு பெண் தள்ளுவதே பிடிக்கவில்லையாம், வளைவில் வேகம் குறைக்கவில்லை என்று புகார். ஆனால் இனிப் படி ஏறக் கூடாது, தனியாக இருக்கவும் கூடாது. நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

காலையிலிருந்து டெனிஸ் அளவு நாடாவோடு கீழ்த்தளம் முழுக்க நடந்தாள். என் ஆபீஸ் அறை வாசலில் கொஞ்சம் நின்றாள், போய்விட்டாள். சமையலறையிலிருந்து ஷெட்டுக்குப் போகும் கதவருகே வந்து நாடாவைச் சுருட்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது.

ஷெட்டுக்குத் தரை போட்டு, சுவர் பூசி, குளிருக்கு ஒரு சூடேற்றி வைத்துப் படுக்கையறை ஆக்கிவிடலாம் என்றாள். மேஸ்திரியிடம் பேசியாயிற்றாம். செப்டம்பர் 2 அன்று வேலை தொடங்குவார். தவறினால் நவம்பர்தான்.

வண்டியைக் கடைக் கிடங்குக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"கிடங்குக்குக் கொண்டு போனா நீயும் அங்கேயே குடியேறிடுவ, நெவ். எனக்குப் புருஷனும் இருக்க மாட்டான், வண்டியும் முடியாது. ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள எண் வாங்கி வாசல்ல நிறுத்து. முடியலைன்னா வித்துடு."

சரி என்றேன். ஆறாம் தேதி தேறினால் எண் வரப் பத்து நாள், மீதி பதினைந்து நாள் கையில். தயங்காமல் ஒத்துக்கொண்டேன். அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது போலிருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

விடிகாலை ஐந்தரை முதல் ஏழரை வரை வண்டி, பிறகு கடை. மாலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி. ஞாயிறு முழுக்க ஷெட் என்று பேர்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளேயிருந்து டெனிஸ் கூப்பிடுகிறாள். உருளைக்கிழங்கு தோல் உரி, ஆஸ்பத்திரியிலிருந்து போன், பாட்டில் மூடி திறக்கவில்லை.

ஷெட்டில் போடும் பூட்ஸோடு சமையலறைத் தரையில் கால் வைக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். தரையில் இருப்பது நானே விற்ற டைல், அதனால் எதிர்த்துப் பேச வழியில்லை. ஒவ்வொரு தடவையும் கயிறு அவிழ்த்துக் கட்ட யாருக்குப் பொறுமை? பூட்ஸ் போடுவதையே விட்டுப் பல மாதம் ஆகிறது. காலுறையோடுதான் வேலை. இன்று அப்படியே வண்டிக்குள் உட்கார்ந்து பெடல்களைக் கடைசியாக இறுக்கினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்துகிறது.

ஜூலை 28, ஞாயிறு

எஞ்சின் ஓடியது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தோல்வி.

வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்கே போய்விட்டேன். சோதனை அதிகாரி ஒரு பெண், ஆறடி இருப்பார். முழங்கை படும் இடத்தில் கூர் விளிம்பு இருக்கிறதா என்று விரல் வைத்து ஒவ்வொரு போல்ட்டையும் தடவிப் பார்த்தார். கண்ணாடி, விளக்கு, ஸ்டியரிங், புகை எல்லாம் தேறியது. மனசுக்குள் நம்பர் பலகையே மாட்டிவிட்டேன். பிறகு பிரேக் பார்க்க உள்ளே இறங்கி உட்கார்ந்தார். காலில் இரும்பு முனை பூட்ஸ், படகு மாதிரி.

பிரேக்கை மிதித்தார். எஞ்சின் உறுமியது. மறுபடி மிதித்தார். மறுபடி உறுமியது. பூட்ஸ் ஒன்று, பெடல் இரண்டு.

எட்டிப் பார்த்து, "கண்ணு, நீங்க கால்ல என்ன போட்டுக்கிட்டு இதை ஓட்டுவீங்க?" என்று கேட்டார்.

செருப்பு போட்ட காலோடு நான் அந்த வண்டியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. முப்பது வருஷம் டைல், குளியலறைச் சாமான் வியாபாரம். எந்தக் குளியலறைக்கு எந்தத் தொட்டி பொருந்தும் என்று வாசலில் நின்றே சொல்லுவேன். என் காலுக்கு என்ன போடுவேன் என்று யோசிக்கவில்லை.

ஆக்ஸிலரேட்டரை இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் போதும், ஒரு நாள் வேலை. மறுசோதனைக்கு அவர்களிடம் இருக்கும் முதல் தேதி செப்டம்பர் 10.

ஆகஸ்ட் 7, புதன்

டெனிஸிடம் காலுறைக் கதையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் சுவரில் இருக்கிற நாட்காட்டியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று வாரம் தள்ளிப்போடச் சொல்லி நான் கேட்க முடியாது. மேஸ்திரி போய்விட்டால் நவம்பர். அதுவரை பெரியவரை எங்கே வைப்பது? கேட்டால் நான் என்ன மனுஷன்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வண்டியை விற்க விளம்பரம் கொடுத்துவிட்டேன். "தொண்ணூற்றைந்து சதவீதம் முடிந்தது, குடும்பக் காரணம்." இந்த மாதிரி விளம்பரத்தை மூன்று வருஷம் முன்னால் வாங்குகிறவனாகப் படித்திருக்கிறேன். குடும்பக் காரணம் என்று கண்டாலே பென்சிலால் வட்டம் போடுவேன். அவசரத்தில் இருக்கிறான் என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

டார்பியிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ட்ரெவர் ஹாலம், கூரை ஓடு வேலை. வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. கதவருகே கை கட்டி நின்ற டெனிஸைப் பார்த்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

எல்லாம் என்னுடைய வித்தை. லிங்கன் ஊரில் ஒரு ஆளிடம் இந்த வண்டியின் சட்டத்தை வாங்கியபோது நான் செய்ததும் இதேதான். அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கப் பார்க்க நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அவனே விலையை இறக்கிக்கொண்டே வந்தான். இன்று நான் இறக்கினேன். தெரிந்தே இறக்கினேன். பெடல் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

கை குலுக்கியாயிற்று. 31 அன்று டிரெய்லரோடு வருகிறார். கை குலுக்கிய பேச்சை நான் இதுவரை மாற்றியதில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

ஷெட்டுக்குள் போகவில்லை. நகத்தில் அழுக்கில்லாமல் சாப்பிட்டேன். டெனிஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பெரியவரை இரண்டு மணி நேரம் வீட்டுக்கு அழைத்துவர ஆஸ்பத்திரியில் அனுமதி கொடுத்தார்கள். கதவு அகலம் போதுமா, அவர் பிடித்து நடக்கும் நடைச்சட்டம் திரும்புமா என்று ஒத்திகை. மேஸ்திரி போட்ட வரைபடத்தை டெனிஸ் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக் கதவைத் திறந்தாள். கட்டில் இங்கே, சன்னல் இங்கே, சூடேற்றி அங்கே என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் வண்டி. பெரியவர் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி சுற்றிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"உங்க ரூம்ப்பா."

"இது வண்டி நிறுத்துற எடம்."

"மாத்திக் கட்டுறோம்ப்பா."

"நீ எப்படிக் கட்டினாலும் வண்டி நிறுத்துற எடந்தான். நான் ஆயுசு பூரா டிப்போவுல பொழப்பு நடத்தினவன். சாயங்காலமானா அதை விட்டு வீட்டுக்கு வரணும்னுதான் சம்பாதிச்சேன். கடைசிக் காலத்துல என்னைக் கொண்டு போய் டிப்போவுல படுக்க வைக்கிறீங்களே."

டெனிஸ் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அவரிடம் யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கதவைத் திறந்து வைக்கிறோம், வரைபடம் போடுகிறோம், ஆள் பிடிக்கிறோம். படுக்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறாரே!

வேறு எங்கேதான் படுப்பீர்கள் மாமா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர் நடைச்சட்டத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக முன்பக்கம் போனார். என் ஆபீஸ் அறைக் கதவைத் தள்ளினார். தெருப் பக்கம் சன்னல், சூடேற்றி, இரண்டடியில் கழிப்பறை. என் மேசை, பீரோ, பத்து வருஷக் காகிதம்.

"இங்க யாரு படுத்திருக்கா மாப்ள?"

யாரும் இல்லை. பேப்பர்தான் படுத்திருக்கு என்றேன்.

அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்ததும் டெனிஸிடம் கேட்டேன். உனக்கு முதலிலேயே தோன்றவில்லையா? தோன்றியதாம். முதல் நாளே தோன்றியதாம்.

"ஷெட்டைக் கேட்டா ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவ. ஆபீஸைக் கேட்டா அப்புறம் என்கூடப் பேசவே மாட்டியோன்னு நினைச்சேன். அதான் சின்னதைக் கேட்டேன்."

சின்னதாம். என்னைப் பத்தி இவ்வளவு வருஷத்துல இவ இப்படித்தான் கணக்குப் போட்டு வச்சிருக்கா, அதுவும் தப்புன்னு என்னால சொல்ல முடியல. ஜூன் மாசம் நாடாவோட அந்த வாசல்ல நின்னப்போ நானே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்.

ஆபீஸை எடுத்துக்கொள் என்றேன். "நிஜமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ட்ரெவருக்குப் போன். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகுதான் எண்ணை அழுத்தினேன். கை குலுக்கியது உண்மை, பின்வாங்குகிறேன், தப்பு என்னுடையது, வந்து போன செலவையும் அலைச்சலுக்கு ஈடும் நான் தருகிறேன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினார். முழுசாக வாங்கிக்கொண்டேன்.

முடித்துவிட்டு, "இதை என் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்ப மாட்டா," என்று அவளிடம் போனைக் கொடுத்தார். அந்த அம்மாள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும் என்றாள். அவளுக்கும் இந்த வண்டி வீட்டுக்கு வருவது பிடிக்கவில்லை போலிருக்கிறது. மேஸ்திரிக்கும் சொல்லியாயிற்று. அவருக்குக் கையில் வேறு வேலை காத்திருந்தது.

ஆகஸ்ட் 31, சனி

ஆபீஸ் அறை காலி. கடையைப் பார்த்துக்கொள்ளும் யாஸ்மின் வேனோடு வந்து காகிதம் அத்தனையும் ஏற்றிக்கொண்டு போனாள். மூன்று வருஷமாகக் கேட்கிறேன், இப்போதுதான் கொடுக்க மனசு வந்ததா என்றாள். இனி வீட்டுக்கு ஒரு தாள்கூட வராது, கேட்டால் கடையில் வந்து பாருங்கள் என்றும் உத்தரவு போட்டாள். என் முதலாளி ஆகிவிட்டாள். இதைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தேறிவிட்டது.

பெடலைத் தள்ளி வெல்டிங் வைத்து, அந்த அம்மையார் போட்டிருந்த மாதிரியே இரும்பு முனை பூட்ஸ் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே ஒரு வாரம் உள்ளே உட்கார்ந்து பார்த்திருந்தேன். அவர் மிதித்தார். சத்தம் இல்லை. மறுபடி மிதித்தார். சத்தம் இல்லை. கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து டிரெய்லர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பெரியவர் வந்துவிட்டார். சன்னலோரக் கட்டில். தெருவில் போகிற பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எல்லோருக்கும் சொல்கிறார். இரவில் மூன்று நான்கு தடவை கூப்பிடுகிறார். டெனிஸ்தான் எழுந்து போகிறாள். நான் போனால் வேறு யாரோ பெயரில் என்னைக் கூப்பிட்டு அவளையே கேட்கிறார்.

அக்டோபர் 5, சனி

எண் வரத் தாமதம், இன்றுதான் பலகை மாட்டியாயிற்று. டெனிஸ் ஏறவில்லை. தூக்கம் வருகிறது, இன்னொரு நாள் என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

எதிர் வீட்டு மார்ஜோரி ஒரு மணி நேரம் பெரியவரோடு இருக்கிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். டெனிஸ் மேல்கோட்டு, கம்பளிக் குல்லாய், முழங்காலில் போர்வை. இப்படித்தான் என் கூட வருவியா என்று கேட்டதற்கு, கூரை போடாதவன் பேசக் கூடாது என்றாள்.

ரட்யார்ட் ஏரி வரை இருபது நிமிஷம், திரும்ப இருபது என்று பேச்சு. ஊர் தாண்டும் வரை காற்றுக்கு மேலே கத்திக்கொண்டே வந்தாள்: கடையில் பால் வாங்கணும், அப்பாவுக்கு மாத்திரை மாறியிருக்கு, மெதுவாப் போ. ஏரிக்கரைத் திருப்பத்தில் ஏதோ கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, குல்லாய் ஒரு கண்ணை மூட, எஞ்சினும் காற்றும் காதைக் கிழிக்கிற அந்த இருக்கையில் தூங்கிவிட்டாள்.

திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. தூறல் ஆரம்பித்தது. பெட்ரோல் முள் கால்வாசிக்குக் கீழே. நிறுத்தினால் விழித்துக்கொள்வாள் என்று மேட்டுச் சாலையைப் பிடித்து ஓட்டிக்கொண்டே போனேன்.