ஷூவில் உப்புக் கோடு

ஞாயிறு ராத்திரி

ஷூ ஃபேக்டரி லேடீஸ் எல்லாம் வேன் வச்சு இன்னிக்குக் கடலுக்குப் போனோம். ஆள் நடமாட்டமே இல்லாத கரை. அலை செவுரு மாதிரி எழும்பி எழும்பி விழுந்துச்சு. "கரையிலியே நில்லு, தண்ணில கால வைக்காத"ன்னு இவர் காலைலியே சொல்லி அனுப்பினார். கல்யாணம் ஆனதிலிருந்து இதேதான். போகாத, பேசாத, வைக்காத.

கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் எறங்கிட்டேன். கழட்டி வச்சா அலை அடிச்சுட்டுப் போய்டும்னு ஷூவோடயே எறங்கினேன். "ஷூ தைக்கிறவ புத்தியைப் பாருடி"ன்னு கூட வேலை செய்யற மேரி சிரிச்சா. முதல் அலையிலியே குப்புற விழுந்தேன். முட்டி கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. எழுந்து மறுபடியும் போனேன்.

வேற துணி மாத்திக்கிட்டு வீட்டுக்கு நொண்டிக்கிட்டேதான் வந்தேன். ஏன் நொண்டுறேன்னு இவர் கேட்கல. சாப்பிட்டுட்டு வாசலுக்குப் போனவர் என் ஷூவோட திரும்பி வந்தார். காஞ்ச தோல் மேல வெள்ளையா ஒரு கோடு. தோல் பதப்படுத்துற டேனரியில தினம் உப்புத் தோல் பார்த்துப் பழகின இவர் கண்ணு, விடுமா?

"இன்னா இது? தண்ணில எறங்கினியா?"

"எறங்கினேன். விழுந்தேன். மறுபடியும் எறங்கினேன்."

கத்துவார்னு நெனச்சேன். ஈரத் துணி எடுத்துக்கிட்டு உட்கார்ந்தார். "துடைக்கலன்னா தோலு வெடிச்சிடும்."

எந்தத் தோலு? தோல் கிழிஞ்ச என் முட்டி, துணியில ரத்தம் ஊறி, அவர் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு.

ஷூவைப் பிடுங்கிட்டேன். துடைக்க மாட்டேன். நாளைக்கு இந்தக் கோட்டோடதான் வேலைக்குப் போவேன். வெடிச்சா வெடிக்கட்டும்.