சுமார் என்பது தேதியன்று

தென்காசி,
04.05.2025, ஞாயிறு, காலை 9.20.

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். தொலைபேசியில் நீ பேசுவது எனக்குப் பாதி காற்றாகவே கேட்பதால் இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

12.11.1944இல் பிறந்த எனக்கு வரும் ஜூலையில் எண்பது ஆண்டும் எட்டு மாதமும் நிறைகின்றன. 13.07.2025, ஞாயிறு காலை, நம் வீட்டில் சதாபிஷேகம். அப்போது உங்களுக்குக் கோடை விடுமுறை. இங்கே குற்றாலத்தில் சீசன். சீனாவிலிருந்து நீங்கள் தத்தெடுத்த குழந்தைகளை இதுவரை புகைப்படத்தில் மட்டுமே கண்டிருக்கிறோம். நால்வரும் அவசியம் வர வேண்டும்.

ஒரு விவரம் தேவை. ஐயர் ஒவ்வொருவரின் பெயரையும் நட்சத்திரத்தோடு சொல்வார். அவ்வாறு சொல்லப்பட்டவர்களே கலச நீரை எங்கள் தலையில் ஊற்றுவார்கள். மாப்பிள்ளை ஸ்டான்லி தேவாலயம் செல்லும் வேதக்காரர் ஆயினும், அவர் பிறந்த நேரம் மருத்துவமனைச் சீட்டில் இருந்ததால் கணித்துவிட்டேன்: சதயம். ஆனால் குழந்தைகளைப் பற்றி, மெய்லின் 'சுமார் மார்ச் 2015' என்றும் அனுசியா 'சுமார் ஜனவரி 2018' என்றும் முன்பு எழுதியிருந்தாய். சுமார் என்பது தேதியன்று. நாளையும் நேரத்தையும் விசாரித்து எழுது. கிடைக்காவிடில், தவறான நட்சத்திரம் சொல்வதைவிடச் சொல்லாதிருப்பதே முறை. குழந்தைகள் அப்பால் நின்று பார்க்கட்டும்.

ஆசிகளுடன்,
சிவனணைந்தபெருமாள்


பிளேனோ, டெக்சஸ்,
19.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். 'குழந்தைகள்' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. 'பேத்திகள்' என்று ஓரிடத்திலும் இல்லை.

மெய்லினை ஒரு பேருந்து நிலையத்தில் கண்டெடுத்தார்கள், அப்பா. மருத்துவர் பல்லைப் பார்த்து வயது சொன்னார். அனுசியாவுக்குக் காப்பகத்தில் யாரோ ஒரு தேதி வைத்தார்கள். பிறந்த நேரத்தை நான் யாரிடம் போய்க் கேட்பேன்? அவர்களைப் பெற்றவர்கள் யாரென்று தெரிந்தால், அவர்களிடம் கேட்க அதைவிடப் பெரிய கேள்விகள் என் பிள்ளைகளிடம் இருக்கின்றன.

"தாத்தா தலையில நாங்களும் தண்ணி ஊத்தலாமா?" என்று இருவரும் தினமும் கேட்கிறார்கள். அப்பால் நிற்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்டான்லிக்கே நட்சத்திரம் தேடிக் கொடுத்தவர் நீங்கள்!

பயணச்சீட்டு எடுத்துவிட்டதால் வருகிறோம். ஜூலை 2 முதல் ஐந்தருவிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்குவோம். 13ஆம் தேதி நான் மட்டும் வீட்டுக்கு வருவேன். பிள்ளைகளை அழைத்துவர மாட்டேன். அம்மா விடுதிக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

மகள்,
குழல்


தென்காசி,
01.06.2025, ஞாயிறு, மாலை 4.45.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் 30.05.2025 அன்று சேர்ந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேதி பிசகாமல் எழுதிய கை என்னுடையது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதச் சொல்லாதே. உன் முடிவு உன் விருப்பம்.

உன் அம்மா இரண்டு நாட்களாக என்னுடன் பேசுவதில்லை. தட்டை மட்டும் சத்தத்தோடு வைக்கிறாள். இன்று காலை, யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பேத்திமாரு ஆறு மைல்ல வந்து இருக்கப் போறாளுவ. இவரு பஞ்சாங்கத்தை மடியில வச்சிக் கொஞ்சிக்கிட்டு இருக்கட்டும்."

சிவனணைந்தபெருமாள்


தென்காசி,
10.07.2025, வியாழன், காலை 11.05.
(ஆட்டோ மாரி வசம்)

அன்பு மகள் குழலுக்கு,

நீங்கள் வந்து எட்டு நாட்கள் ஆகின்றன. உன் அம்மா நான்கு முறை வந்து போய்விட்டாள். நானும் ஒரு முறை வந்தேன். அது உனக்குத் தெரியாது.

06.07.2025, ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பேருந்து ஏறி ஐந்தருவிக்கு வந்து, ஒரு பழக்கடையின் மறைவில் நின்றேன். நீயும் மாப்பிள்ளையும் தள்ளி நின்று துண்டு பிழிந்துகொண்டிருந்தீர்கள். அனுசியா மங்குஸ்தானை வாயெல்லாம் பூசிக்கொண்டு தின்றாள். கடைக்கார ஜாஹிரா பீவி கேட்டாள்:

"ஏ பாப்பா, நீ எந்த ஊரு? சைனாவா, ஜப்பானா?"

"தென்காசி."

"ஏட்டி, தென்காசியில எங்கன?"

"தாத்தா வீடு."

"அப்பம் இங்கன என்ன செய்யுதே? தாத்தா வீட்டுக்குப் போகலியா?"

குழந்தை அடுத்த சுளையை எடுத்தாள். "தாத்தா இன்னும் கூப்பிடல."

அருவி இரைச்சலிலும் எனக்கு அது தெளிவாகக் கேட்டது. உங்கள் எதிரே வரவில்லை. அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

நான்கு நாட்களாக உறக்கமில்லை. உன் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். 12.11.1944 என்பது ஆலங்குளம் பள்ளியில் என்னைச் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எழுதிக்கொண்ட தேதி. என்னைப் பெற்றவளுக்குத் தெரிந்தது, "நல்ல மழையில பொறந்தே" என்பது மட்டுமே. என் ஜாதகமே அந்தத் தேதியை வைத்துப் பிறகு எழுதியதுதான். இத்தனை ஆண்டுகள் ஊரார் தேதிகளையெல்லாம் திருத்திக்கொண்டு, இதை மட்டும் மறைத்து வைத்திருந்தேன். உன்னிடம் நேரம் கேட்டு எழுதிய கையும் இதே கைதான்.

நேற்று ஐயரிடம் இதையும் குழந்தைகளின் தேதியையும் சொன்னேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, ஊர்ல பாதிப் பேருக்கு வாத்தியார் வச்ச தேதிதான். நட்சத்திரம் தெரியலேன்னா சுவாமி பேருக்குன்னு சொல்லிருவோம். இதை மே மாசமே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பிழை அதுவே.

அழைப்பை உன் வழியாகச் சொல்லி அனுப்புவது முறையாகாது. நாளை, 11.07.2025, காலை 6.10 பேருந்தில் வருகிறேன். விடுதி வாசலில் உட்கார்ந்திருப்பேன். குழந்தைகளை எழுப்ப வேண்டாம். அவர்களாக எழுந்து வந்து, இவர் யார் என்று கேட்டால் நீ பதில் சொல்லாதே.

நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா