எருமை மாதிரி எறும்பு

மார்ச் 4, செவ்வாய்

ரத்தப் புற்றுநோய் வார்டுக்கு வந்து மூன்றாவது வாரம். இன்றைக்கும் ஊசி போட நான்கு பேர் என் வாண்டு மகளைப் பிடித்து அமுக்க வேண்டியிருந்தது. கால்களைப் பிடித்தது நான். எட்டு வயது உடம்புக்கு எங்கிருந்து வருகிறது இவ்வளவு பலம்? அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 6

இசை சிகிச்சையாம். டாக்டரே ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார். தோளில் கிதார், கையில் சின்ன டிரம், முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. வீடு தீப்பற்றி எரியும்போது கச்சேரி.

"பாட்டு பாடினா நோய் போயிடுமா?" என்றேன்.

"போகாதுங்க. நோயை டாக்டர் பாத்துப்பார். நான் குழந்தையோட பயத்தைப் பாக்க வந்தேன்."

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மார்ச் 11

வாண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டியிருக்கிறாள். டிரம்மைத் தட்டிக்கொண்டு வார்டே கேட்கப் பாடினாள்:

எறும்பு கடிச்ச மாதிரின்னு
எங்கம்மா சொன்னா,
எந்த ஊரு எறும்பு அது,
எருமை மாதிரி எறும்பு!

நர்சுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் செத்துப்போனது. கண்விழித்துக் கிடப்பது நான். வாந்தியை ஏந்துவது நான். பொய்க்காரியும் நானா?

பாட்டுக்காரியை வராந்தாவில் பிடித்தேன். "பெத்தவளைக் கிண்டல் பண்ணச் சொல்லிக் குடுக்கத்தான் உனக்குச் சம்பளமா?"

"வார்த்தை எல்லாம் அவளோடதுங்க. நான் தாளம் மட்டும்தான் போட்டேன்."

இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12

அவர் போனில், "சின்னப் பொண்ணு பாட்டுக்கெல்லாமா கோச்சுக்குவ?" என்கிறார். ஒரு நாள் வந்து ஊசி போடும்போது அவ காலைப் பிடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 14

மறுபடியும் நான்கு பேர். பழக்கதோஷத்தில் "எறும்பு கடிச்ச மாதிரிதான்டா" என்று வாயில் வந்துவிட்டது. என் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்திருக்கிறது.

எனக்கு யார்மேல் கோபம்? அந்தப் பாட்டுக்காரிமேலா? இந்த நோய்க்கு ஒரு சட்டை இருந்தால் காலரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இல்லையே — கையில் அகப்பட்டவள் அவள்தானே.

மார்ச் 15

பாட்டுக்காரியை நானே போய்க் கூப்பிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. வந்தாள், டிரம்மை என் மடியில் வைத்தாள்.

"எனக்கெதுக்கு?"

"உங்களுக்கும் கோபம் இருக்குமேங்க."

வாண்டு சொன்னாள்: "அடிம்மா. யாரை வேணா நெனச்சுக்கோ."

அடித்தேன். உள்ளங்கை சிவக்கச் சிவக்க அடித்தேன். யாரை நினைத்தேன் என்று இங்கேகூட எழுத மாட்டேன். நிமிர்ந்தபோது வாண்டு கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டிருந்தாள்.

மார்ச் 18

ஊசி. பாட்டுக்காரி மெதுவாகக் கிதாரை மீட்டிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குமாம்மா?"

"வலிக்கும். நல்லாவே வலிக்கும்."

 வாண்டு "சரி" என்று ஒரு கையை நீட்டினாள். இன்னொரு கையால் டிரம்மை அடித்துக்கொண்டே அழுதாள். யாரும் பிடிக்கவில்லை.

நோய் அப்படியேதான் இருக்கிறது. என் கோபமும்.

மாலையில் எதிர்க் கட்டில் குழந்தையின் அப்பா தயங்கித் தயங்கி வந்தார். "அந்தப் பாட்டு டீச்சர் எப்ப வருவாங்க? எங்க பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது."

"நாளைக்கு வருவாங்க. இங்கயே கூட்டிட்டு வாங்க," என்றேன். "ஆனா ஒண்ணு, உங்க பொண்ணு பாட்டுல உங்களைத்தான் முதல்ல திட்டும். தாங்கிக்கணும்."