பம்புத் தண்ணீரும் சிம்போசியமும்

மணலி புதுநகர்
9.6.2003

தம்பி மேத்யூவுக்கு, அக்கா அடைக்கலமேரி எழுதுவது.

நலமா என்று கேட்கவில்லை. கோட்டு போட்டு நிற்கும் உன் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். நலமாகத்தான் இருக்கிறாய்.

பேப்பரைக் கொண்டுவந்தவன், நம் தெருத் தண்ணீரைக் கெடுத்துவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்பும் கம்பெனியின் ஆள். தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில் அதை ஒட்டினான். எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீர் சுத்தமானது என்று ஐதராபாத் சிம்போசியத்தில் நீயே கட்டுரை வாசித்துவிட்டாயாம். அதனால் வெள்ளிக்கிழமையிலிருந்து கம்பெனி லாரி வராதாம். "உங்க தம்பி பொய் சொல்வாராம்மா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சிம்போசியம் பற்றிப் போன கடிதத்தில் பாடமே நடத்தியிருந்தாய். பழைய கிரேக்கச் சொல்லாம், சேர்ந்து குடிப்பது என்று அர்த்தமாம். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் சாய்ந்துகொண்டு, திராட்சை ரசத்தில் தண்ணீர் கலந்து குடித்தபடி பேசுவார்களாம். எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று சொல்லக்கூட ஒரு தலைவர் உண்டாம். அந்தத் தண்ணீரைச் சுமந்து வந்தது யார் என்று மட்டும் நீ எழுதவில்லை.

பம்புத் தண்ணீரைச் சோதிக்க நீ அனுப்பிய பாட்டில்களை வீடு வீடாகக் கொடுத்து, நிரப்பி வாங்கி அனுப்பினேன். நேற்றுதான் விசாரித்தேன். எல்லோரும் லாரித் தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி ஊற்றியிருக்கிறார்கள். "படிச்ச புள்ள கைக்குப் போவுது, கலீஜ் தண்ணியவா குடுப்பாங்கோ? நம்ம தெருவுக்குத்தானே அசிங்கம்" என்கிறாள் எதிர்வீட்டுக் குப்பம்மா.

அந்தத் தண்ணீர் எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பம்பில் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். பம்புத் தண்ணீரில் வடித்த சோறு மஞ்சளாயிருக்கிறது என்று தட்டைத் தள்ளியவன் நீ. பாட்டிலில் கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தபோது ஒரு போன் போட்டுக் கேட்க உனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் கட்டுரை போயிருக்கும், கோட்டும் போயிருக்கும்.

என் மகள் ஜூடியின் சிறுநீரகத்துக்குப் பம்புத் தண்ணீர் ஆகவே ஆகாது என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை உனக்கு எழுதியிருந்தேன். மறந்திருக்க மாட்டாய்.

பாட்டில் தண்ணீர் பம்புத் தண்ணீர் அல்ல, கட்டுரை தப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெள்ளிக்கு முன்னால் வர வேண்டும். வேலை போகும் என்று எனக்கு எழுதாதே.

ராத்திரி ஜெபத்தில் உன் பெயரை நான் விட்டுவிட்டேன். ஜூடிதான், மாமா நல்லாயிருக்கணும் என்று இன்னும் சொல்கிறாள். நான் தடுக்கவில்லை.

அடைக்கலமேரி