துரையின் பத்தியம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும். வாராவாரம் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று ஏன் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, போன் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், இது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிற விஷயம் இல்லை. வேலை பார்க்கிற கட்டிடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்று பேர்தான், நாலு வரிக்கு ஒருதரம் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

துரை விஷயம்தான். பத்திரமாப் பாத்துக்கோப்பா என்று நீ கிளம்பும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போன பூனைக்கு ஏதோ அரிப்பு என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறோம், முழுசும் சொல்லவில்லை. கழுத்தை ரத்தம் வரச் சொறிந்துவிட்டது, வயிற்றை நக்கி நக்கி மயிரே இல்லாமல் வழுவழுவென்று ஆக்கிவைத்திருந்தது. டாக்டரம்மா சீப்பால் வாரிப் பார்த்து உண்ணி, பூச்சி எதுவும் இல்லை என்றார், இதுக்குச் சாப்பாடுதான் ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன், இதுவரைக்கும் தின்னாத ஒரு கறி, அதை மட்டும் ரெண்டு மாசம் குடுங்க, வேற ஒரு துணுக்கு வாயில பட்டாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும் என்று சொல்லி முயல் கறியில் செய்த தீனியைக் கொடுத்தார். இதிலும் கேட்காவிட்டால் ஆயுசுக்கும் மருந்துதானாம், ஊசியோ மாத்திரையோ, அது போகப் போகச் சர்க்கரை வியாதியை இழுத்துவிடலாமாம். துரைக்கு இருக்கிற வயசுக்கு அதுவும் வேண்டுமா என்று எனக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது. லிஃப்ட் மக்கர் செய்தால் நாங்களும் இதைத்தானே செய்கிறோம், எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கிறோம், எதை மாட்டும்போது நிற்கிறதோ அதில்தான் கோளாறு. அதனால் இந்தப் பத்தியத்தை நானே கையில் எடுத்துக்கொண்டேன். புதுத் தீனியைப் பார்த்ததும் துரை மோந்துவிட்டுப் போய்விட்டார், சரி பட்டினி கிடந்தால் தானாகத் தின்பார் என்று நான் சொன்னதற்கு டாக்டரம்மா கோபித்துக்கொண்டார், பூனை ரெண்டு நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெட்டுப்போகும் சார் என்றார், அதனால் பழைய தீனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்றினேன். பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிப் போட்டு ஸ்டீல் தட்டு வைத்தேன், படுக்கிற துணியை வாசனைப் பவுடர் போடாமல் வெந்நீரில் அலசினேன், அதைத் தடவு இதைத் தடவு என்று வந்தவர் போனவர் சொன்ன எண்ணெய் எதையும் கிட்டே சேர்க்கவில்லை. சொறியாமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்று மாட்டியிருந்தோம், ஒலிபெருக்கிக் குழாய்க்குக் கால் முளைத்ததுபோல் துரை அவர்கள் கதவு கதவாக முட்டிக்கொண்டு வலம் வந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இவ்வளவு செய்தும் அரிப்பு விடவில்லை. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. யாரோ கள்ளத்தனமாகக் கொடுக்கிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தேன், கடைசியில் சந்தேகம் உன் மாடி மாமா மேல் விழுந்தது, அவன் கீழே வந்து சாப்பிடும்போதெல்லாம் பூனை அவன் காலடியில்தானே கிடக்கும். முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். குடுத்துட்டு இல்லேன்னு சொல்ற ஆளா நான், அத்தான் என்று ஒரே வார்த்தை, தட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறியவன் அப்புறம் கீழே சாப்பிட வரவில்லை. அவன் வராமல் இருந்தும் அரிப்பு குறையவில்லை. அப்புறம்தான் ஒன்று கவனித்தேன், வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வருகிற அரிப்பு திங்கள், செவ்வாயில்தான் பேயாய்ப் பிடிக்கிறது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஏதோ மாட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் உன் போனைத் தவிர வேறு என்ன இருக்கிறது.

நீ பேசும்போது நான் உன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன், அடுத்த வாரம் முதல்தடவையாக அம்மாவின் கையைப் பார்த்தேன். உன் குரல் கேட்டதும் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மெதுவாகத் திறந்தாள், உள்ளே நீ வாங்கி வைத்துவிட்டுப் போன அதே மீன் பிஸ்கட், போனில் தெரியாதபடி மேசைக்கு அடியில் கையை நீட்டினாள், துரை ஓடி வந்து மடியில் ஏறினான். நீ அங்கே, என் குரலை இன்னும் மறக்கல பாரேன் என்று பூரித்துப்போனாய். போனை வைத்த பிறகு ஒரு கத்துக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், அவள் முந்திக்கொண்டாள். இவன் வரலேன்னா அவ ரெண்டு நிமிஷத்துல வெச்சுடுறா, இவன் வந்தாதான் அரைமணி நேரம் பேசுறா, என்னை வேற என்ன பண்ணச் சொல்றீங்க என்றாள். கூட்டைத் தானே என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து பிஸ்கட்டை நிறுத்திப் பத்தியத்தை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். அரிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, கழுத்துப் புண் ஆறிப் பூனைமயிர் பஞ்சு மாதிரி முளைக்கிறது, புனலையும் கழற்றிவிட்டோம். மாடிக்குப் போய் மாமாவிடம் தப்பாச் சொல்லிட்டேன்டா என்று சொல்லிவிட்டு வந்தேன், நாளைக்கு வரேன் என்றான், இன்னும் முறுக்கு முழுசாகப் போகவில்லை. ஆனால் போன இரண்டு ஞாயிறும் துரை உன் போனுக்கு வரவில்லை, கவனித்தாயா. எங்கேம்மா அவன் என்று கேட்டாய், தூங்குறான் என்றாள் அம்மா, சரி எழுந்ததும் சொல்லும்மா, வெச்சிடட்டுமா என்றாய். வைத்த பிறகும் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உன்னைக் குறை சொல்லவில்லை, களைத்துப்போய் வருகிறாய், எனக்குத் தெரியாதா. ஆனால் நேற்று அவள் கைப்பையில் புது பிஸ்கட் பொட்டலம் ஒன்று பார்த்தேன். இன்னும் பிரிக்கவில்லை. எடுத்து எறிய எனக்கு மனசு வரவில்லை, அதைப் பிரித்துவிட்டால் துரை கதி என்ன என்று நினைத்தால் இங்கே வேலையும் ஓடவில்லை.

சரி, கீழே கூப்பிடுகிறார்கள், நான் போகவேண்டும். நடுராத்திரி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே, கண் போய்விடும், வெளியில் வாங்கித் தின்பதைக் குறைத்துக்கொள். நோய்நொடி இல்லாமல் நினைத்தது நடந்து நீ நல்லபடியாக இருக்கவேண்டும், எங்கள் இரண்டு பேர் நினைப்பும் அதுதான். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியவேண்டாம். அவளுக்கு இப்போது படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், நீ கேட்டால் சொல்வாள், சொல்ல ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஆகும். இந்த ஞாயிற்றுக்கிழமையும் துரை வரமாட்டான். நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்
அப்பா